மின்விசிறியைப் பார்த்தே எடுத்த படங்கள்

ஆறாம் நம்பர் அறையின் மின்விசிறிக்கு மூன்று இறக்கைகள். ஓர் இறக்கையின் நுனியில் பெயின்ட் உரிந்து, அங்கே ஒரு துருப் பொட்டு. நடுக் கிண்ணத்தில் நான்கு திருகாணி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்தான். இருபத்திநாலு வருஷமாக அந்த அறையில் இதயப் படம் எடுத்து வந்தவர். ஈசிஜி என்று டாக்டர்கள் சொல்வார்கள்; காத்திருக்கும் ஜனங்களுக்கு அது ‘கம்பி வெச்சுப் பாக்கறது’. ஆகவே அவர் கம்பிக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

வேலை செய்ய வந்த மனிதன் மின்விசிறியை ஏன் இப்படிக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும்? கேட்க வேண்டிய கேள்விதான். அவரும் அதைக் கேட்டுக்கொண்டார், என்ன, இருபத்திநாலு வருஷம் தாமதமாக.

மொத்தம் பத்துக் கம்பிகள். நான்கு, கைக்கும் காலுக்கும். மீதி ஆறும் நெஞ்சுக்கு. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். பசையைத் தடவி, குமிழை அமுக்கி வைத்தால் கப்பென்று பிடித்துக்கொள்ளும். ஆண்கள் வந்தால் கம்பிக்காரர் வேலை செய்யும் அழகே அழகு. சட்டையைக் கழற்றச் சொல்லி, விரல் நுனியால் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணி, இந்த எலும்புக்கும் அந்த எலும்புக்கும் நடுவே இம்மி பிசகாமல் வைப்பார். ‘படம்னா கம்பிக்காரர் படம்’ என்று பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி வரை பேச்சு.

பெண்கள் வந்தால்? பெண்கள் வந்தால் மனிதர் தலையை அண்ணாந்துவிடுவார். மேல் பொத்தான் இரண்டை மட்டும் அவிழ்க்கச் சொல்லி, மின்விசிறியைப் பார்த்தபடியே, கழுத்துக்குக் கீழே கைக்கு எட்டிய இடத்தில் ஆறு குமிழ்களையும் கொடியில் துணி காயப்போட்டது மாதிரி ஒரே வரிசையாக மாட்டிவிடுவார். ஒரு நிமிஷம். படம் வந்துவிடும். “பொத்தானைப் போட்டுக்கலாம்மா” என்பார், அப்போதும் கண் மேலேதான்.

அந்த ஊர்ப் பெண்களிடம் அவருக்கு இருந்த மரியாதையைக் கேட்க வேண்டுமா? ‘அந்த அண்ணன் கண்ணெடுத்தும் பாக்க மாட்டார்’ என்று தாய் மகளுக்குச் சொல்லி அனுப்புவாள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் அவரை நிறுத்தி வைத்து, எல்லார் காதிலும் விழும்படி, “உங்களை வளர்த்தவங்க நல்லா வளர்த்திருக்காங்க” என்றே சொல்லியிருக்கிறார். கம்பிக்காரர் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்து போனார். நகலெடுக்கும் கடை வைத்திருந்த அவர் மனைவி வாடிக்கையாளர்களிடம் எல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். வகுப்பில் தொங்கிய பெரிய படத்தில் ஓர் ஆண் உடம்பு, சட்டை இல்லாமல், ஆறு இடத்தில் சிவப்புப் புள்ளிகளோடு நின்றது. “சார், பெண்களுக்கு எங்க வைக்கிறது?” என்று இவர் கேட்டார். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் சிரித்துவிட்டு, “அதே மாதிரிதாம்பா. கொஞ்சம் பாத்து அனுசரிச்சுக்க” என்றார். இவர் காது சிவந்து உட்கார்ந்தார். பிறகு யாரையும் கேட்கவில்லை. அனுசரித்துக்கொண்டார்.

ஆறாம் நம்பர் அறையும் அதற்குத் தோதாக இருந்தது. பெண் நோயாளி உள்ளே இருந்தால் கதவு பாதி திறந்திருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதவுக்கு நேர் எதிரே காத்திருப்பவர்களின் பெஞ்சு. எட்டுப் பேர் உட்கார்ந்துகொண்டு வேறு வேலை இல்லாமல் உள்ளே பார்ப்பார்கள். கட்டிலுக்கு ஒரு திரை போட வேண்டும் என்று விதி எழுதினவர்களுக்குத் தோன்றவில்லை. கட்டிலில் படுத்தவள் சட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொள்ளாமல் வேறு என்ன செய்வாள்?

இப்படி எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து கம்பிக்காரர் தாமாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஆண்களின் படத்தில் நெஞ்சுக் கம்பிகளின் கோடுகள் முதலாவதிலிருந்து மாடிப்படி மாதிரி ஏறிக்கொண்டு போகும். பெண்களின் படத்தில் ஏறாது, தாழ்வாகவே கிடக்கும். ‘பொம்பளைங்க படம் சப்பையாத்தான் வரும்’ என்பது அவருடைய கண்டுபிடிப்பு. புதிதாக வரும் டாக்டர்களுக்கும் அவரே அதைச் சொல்லிக் கொடுப்பார். இருபத்திநாலு வருஷ அனுபவம் சொன்னால் யார் மறுப்பார்கள்? அவர்களும் பெண் பெயரைப் பார்த்ததும் சப்பைக் கோட்டை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பின் தலையில் கல்லைப் போட்டவள் சலவை அக்கா.

ஆஸ்பத்திரியின் விரிப்பு, உறை, டாக்டர் கோட்டு அத்தனையும் துவைத்து அடுக்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி. நாற்பத்தேழு வயது. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். இரண்டு மாதத்துக்கு முன்னால் தாடையில் வலி, முதுகில் ஏதோ பாரம், நாலு படி ஏறினால் வேர்வை என்று வந்தாள். பல் வலி என்று அவளே முடிவு கட்டி வைத்திருந்தாள். பெரிய டாக்டர், அவரும் ஒரு பெண்தான், எதற்கும் இருக்கட்டும் என்று ஆறாம் நம்பருக்கு அனுப்பினார். கம்பிக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். படம் சப்பையாக, அதாவது வழக்கம் போல, வந்தது. ‘வாயு, அசதி, ஓய்வு தேவை’ என்று எழுதி அனுப்பினார்கள்.

மூன்று வாரம் கழித்து, துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே அவள் விழுந்தாள். அடுத்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாரடைப்பு. அடைத்த ரத்தக் குழாயில் சின்னதாக ஒரு ஸ்பிரிங் வைத்துப் பிழைக்க வைத்தார்கள்.

ஒரு மாத ஓய்வுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பியவள், முதல் நாளே விரிப்புக் கட்டோடு ஆறாம் நம்பர் அறைக்கு வந்தாள். கையில் ஒரு ஃபைல். “அண்ணே, எனக்கு இதுல ஒண்ணும் புரியல. நீங்க படம் படிக்கிறவர். அங்க என்ன எடுத்தாங்கன்னு பாருங்க. நீங்க எடுத்ததும் இதுலயே இருக்கு.”

கம்பிக்காரர் பார்த்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அங்கே எடுத்த படத்தில் நெஞ்சுக் கோடுகள் படி ஏறியிருந்தன. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் கோட்டின் வால் கீழ் நோக்கிக் கவிழ்ந்திருந்தது. கஷ்டப்படுகிற இதயத்தின் வால் அப்படித்தான் கவிழும், அது அவருக்குத் தெரியும். ஆனால் அவரைத் தூக்கிவாரிப் போட்டது வால் இல்லை. படி. பெண்ணின் படம் படி ஏறியிருக்கிறதே, அது எப்படி?

“என்னண்ணே, பேச்சைக் காணோம்?”

“ஒண்ணுமில்லக்கா. நாளைக்குச் சொல்றேன்.”

நாளைக்குச் சொல்லவில்லை. நாலு நாள் அந்தக் கேள்வி அவர் மண்டையைக் குடைந்தது. அந்த ஆஸ்பத்திரியில் இயந்திரம் வேறாக இருக்குமோ? காகிதம் வேறோ? நோய் முற்றினதால் கோடு மாறியிருக்குமோ? வால் வேண்டுமானால் நோயால் கவிழும். படி ஏன் முளைக்க வேண்டும்? அதற்குக் கீழே இன்னொரு கேள்வி இருந்தது. அதைக் கேட்டுக்கொள்ளப் பயமாக இருந்தது. அவளை வாயு என்று வீட்டுக்கு அனுப்பியது டாக்டரா, அல்லது என் படமா?

ஐந்தாம் நாள், பெட்டியில் கிடந்த பயிற்சிப் புத்தகத்தைத் தூசி தட்டினார். அதே ஆண் உடம்பு, அதே சிவப்புப் புள்ளிகள். கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், இரண்டே வரி: பெண்களுக்கும் அதே விலா இடைவெளிகள்தான், மார்பகத்தை மெல்ல மேலே தூக்கி, அதன் அடியில் வைக்க வேண்டும். ஒரு மனிதனின் இருபத்திநாலு வருஷத்தை இப்படிப் பொடி எழுத்தில் போட்டு ஒளித்து வைத்தால் என்ன செய்வது? எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. கம்பிக்காரருக்குக் கோபம் வரவில்லை, அந்த இரண்டு வரியையே திரும்பத் திரும்பப் படித்தார்.

சோதித்துப் பார்க்காமல் நம்புகிற ஆள் இல்லை அவர். ஞாயிற்றுக்கிழமை காலை, வெளிநோயாளிகள் இல்லாத நேரத்தில், மனைவியை ஆறாம் நம்பர் அறைக்கு அழைத்து வந்தார்.

“வாரத்துல ஒரு நாள் லீவு, அதுக்கும் ஆஸ்பத்திரியா? சினிமாவுக்குக் கூப்பிடத் தெரியாதா உங்களுக்கு?” என்றபடியே அவள் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

கதவைச் சாத்தினார். முதலில் தன் வழக்கப்படி ஒரு படம். பசையைத் தடவி, தலையை அண்ணாந்து, குமிழ்களை வரிசையாக வைத்துக்கொண்டு போனார்.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஏங்க.”

“ம்.”

“இருபது வருஷமா குடும்பம் நடத்துறோம். எனக்குமா ஃபேனைப் பாத்து வெப்பீங்க?”

கம்பிக்காரரின் கழுத்து அப்படியே நின்றது. பழக்கம். அவருக்கே தெரியாமல் கழுத்து தானாக நிமிர்ந்திருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் இயந்திரத்தின் ஊசி தாறுமாறாக ஆடி, ஒரு முழம் காகிதம் வீணாயிற்று. “சிரிக்காத, படம் கெட்டுப்போகுது” என்றார். சொன்ன பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்து, புத்தகத்தில் சொன்னபடி. பார்த்து, எலும்பை எண்ணி, தூக்க வேண்டிய இடத்தில் அவளையே தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அடியில் வைத்தார். படம் எடுக்கும் நேரம் அதே ஒரு நிமிஷம்தான்.

இரண்டு காகிதங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் படம் சப்பை. விஷயம் தெரிந்த வேறு டாக்டர் பார்த்தால் இவளுக்கு எப்போதோ மாரடைப்பு வந்து போயிருக்கிறது என்று சொல்லக்கூடிய சப்பை. இரண்டாவதில் ஒவ்வொரு கோடும் படி ஏறி, குத்துக்கல் மாதிரி நின்றது. ஒரே மனுஷி, ஒரே இதயம், நடுவில் பத்து நிமிஷம்.

“எனக்கு என்னவாம்?” என்றாள் மனைவி.

“உனக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்” என்றார். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு காகிதங்களையும் வாங்கிப் பார்த்தாள். படம் படிக்கத் தெரியாத அவளுக்கே வித்தியாசம் தெரிந்தது.

திங்கட்கிழமை அவர் சலவைப் பிரிவுக்குப் போனார். உள்ளே வெந்நீர் ஆவி. ஈரத் துணியின் வாடை. சலவை அக்கா விரிப்பை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். கம்பிக்காரர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். புத்தகம், மனைவி, இரண்டு காகிதம், மின்விசிறி எல்லாம்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “நீங்க என்னண்ணே பண்ணுவீங்க. நான்தான் சட்டையை விடாம பிடிச்சுக்கிட்டேன். எதிர்ல அத்தனை பேரு உக்காந்திருந்தாங்க.”

“உங்க தப்பு இல்லக்கா. விடச் சொல்றது என் வேலை. அவங்க பாக்காம செய்யறதும் என் வேலைதான்.”

“என் வீட்டுக்காரருக்குப் போன வருஷம் நெஞ்சுல சுருக்குன்னுச்சு. வீடே எழுந்து ஓடுச்சு. உங்ககிட்டதான் படம் எடுத்தோம், வெறும் தசைப்பிடிப்பு. எனக்கு மூணு மாசமா தாடை வலி. சூடா ஏதாவது குடின்னாங்க. நானும் குடிச்சேன். லீவு போட்டா இத்தனை துணியை யாரு பாப்பாங்கன்னு நானே என்னைத் தள்ளிப் போட்டேன். அப்புறம் உங்ககிட்ட வந்தேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இப்ப என்ன வேணும் உங்களுக்கு?”

“இன்னொரு தடவை எடுக்கணும். என் பழைய மாதிரி ஒண்ணு, சரியான மாதிரி ஒண்ணு. உங்களை வீட்டுக்கு அனுப்பினது என் படமான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

“தெரிஞ்சு?”

கம்பிக்காரர் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தார். அவள் கடைசி விரிப்பை மடித்துக் கட்டின் மேல் வைத்தாள். பிறகு இரண்டு பழைய விரிப்புகளை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்க. முதல்ல அந்தக் கதவுக்கு ஒரு வழி பண்ணுவோம்” என்றாள்.

ஆறாம் நம்பர் அறையில் நாற்காலி மேல் ஏறி, ஜன்னல் கம்பிக்கும் சுவர் ஆணிக்கும் நடுவே கயிறு கட்டி, விரிப்புகளைத் தொங்கவிட்டாள். விதிப்படி கதவு பாதி திறந்தே இருந்தது. பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பார்க்க வெள்ளைத் துணி மட்டும் கிடைத்தது. துணைக்கு ஒரு நர்ஸைத் திரைக்குள் நிறுத்திக்கொண்டார்கள். இவ்வளவுதான். இருபத்திநாலு வருஷமாக யாருக்கும் தோன்றாத காரியம் கால் மணி நேரத்தில் முடிந்தது.

பழைய மாதிரிப் படத்தில் வால்கள் சப்பையாக, நல்ல பிள்ளை மாதிரி கிடந்தன. சரியான படத்தில் ஐந்தாவதும் ஆறாவதும் கவிழ்ந்திருந்தன. நோயின் தழும்பு அங்கேயே இருந்தது, அவர் முறையில் வைத்தால் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டையும் எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போனார். வேலை போனாலும் போகட்டும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டே வந்திருந்தார். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

“அன்னைக்கே வால் கவிழ்ந்திருந்துச்சான்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது” என்றார்.

“தெரியும் டாக்டர். இருந்திருந்தாலும் என் படத்துல தெரிஞ்சிருக்காது. அது போதும் எனக்கு.”

“எத்தனை வருஷமா இப்படி எடுக்கறீங்க?”

“இருபத்திநாலு.”

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். “நான் பதினோரு வருஷமா அதுல கையெழுத்துப் போட்டிருக்கேன். பொம்பளைங்க படம் இப்படித்தான் வரும்னு நீங்க சொன்னீங்க. நானும் ஒரு பொம்பளை. என் படத்தை எடுத்துப் பாக்கணும்னு ஒரு நாள்கூட எனக்குத் தோணல.” பிறகு பதிவேடுகளைக் கொண்டுவரச் சொன்னார். வேலையிலிருந்து நீக்குவதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதைவிடக் கஷ்டமான ஒன்றைச் செய்யச் சொன்னார். கடந்த இரண்டு வருஷத்தில் படம் எடுத்துக்கொண்டு ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்குப் போன பெண்களை எல்லாம் திரும்ப அழைக்க வேண்டும். அழைப்பது கம்பிக்காரர்தான்.

முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். மதியம் சாப்பிட்டதும் தொலைபேசியோடு உட்காருவார். “அம்மா, ஆஸ்பத்திரியில இருந்து கம்பிக்காரர் பேசறேன். உங்க படத்தை நான் சரியா எடுக்கல. தப்பு என்னுது. ஒரு தடவை வந்துட்டுப் போங்க.” இதே நாலு வாக்கியம். பாதிப் பேர் வீட்டில் போனை எடுத்தது ஆண்கள். ‘அவளுக்கு ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் வேலை செய்யறா’ என்று வைத்துவிடுவார்கள். இவர் மறுநாளும் கூப்பிடுவார். ஒரு வீட்டுக்கு ஒன்பது தடவை கூப்பிட்டு வசை வாங்கியிருக்கிறார். ஊரில் அவர் பேர் கெட்டது. ‘இத்தனை வருஷம் நல்லவன் மாதிரி இருந்துட்டு, இப்ப என்ன திடீர்னு பொம்பளைங்களைக் கூப்பிடறான்?’ என்று நகலெடுக்கும் கடையிலேயே ஒருவர் கேட்டார். மனைவி அந்த ஆளின் காகிதங்களை நகலெடுக்காமலே திருப்பிக் கொடுத்து அனுப்பினாள்.

சலவை அக்கா சும்மா இருப்பாளா? பழைய விரிப்புகளை வெட்டி, முன்பக்கம் நாடா வைத்த தளர்ந்த அங்கிகள் பன்னிரண்டு தைக்க வைத்தாள். போட்டுக்கொண்டு படுத்தால் தோளும் வயிறும் மூடியிருக்கும். தேவையான இடத்தை மட்டும் பெண்ணே விலக்கிக்கொள்ளலாம். முதல் ஆளுக்குத் துணையாக நானே நிற்கிறேன் என்று அவளே வந்தும் நின்றாள்.

முதல் ஆளாக வந்தவர் அந்த ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. கூப்பிட்டதும் மறு பேச்சில்லாமல் வந்தார், வருகிற வழியெல்லாம் பெஞ்சில் இருந்தவர்களுக்குக் கம்பிக்காரரின் நல்ல குணத்தைப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். அங்கியைப் போட்டுக்கொண்டு திரைக்குள் படுத்தார்.

கம்பிக்காரர் கட்டிலின் பக்கத்தில் நின்றார். கழுத்து நிமிரப் பார்த்தது. பிடித்துக் கீழே இறக்கினார். “அம்மா, இன்னைக்குப் பாத்துத்தான் வெக்கப் போறேன். எலும்பை எண்ணணும். கூச்சமா இருந்தா நிறுத்தச் சொல்லுங்க, நிறுத்திடறேன்.”

ஆசிரியை சலவை அக்காவைப் பார்த்தார். சலவை அக்கா தலையை ஆட்டினாள். “செய்ங்க” என்றார் ஆசிரியை.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினார். குமிழ்கள் அவையவை இடத்தில் பிடித்துக்கொண்டன. காகிதம் நகர்ந்து வந்தது. கோடுகள் படி ஏறின. ஐந்தாவது கோட்டின் வால் கவிழ்ந்திருந்தது. ஆறாவதும்.

கம்பிக்காரர் காகிதத்தைக் கிழித்துச் சலவை அக்காவின் கையில் கொடுத்தார். அவளுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரிய டாக்டர் அறைக்கு விரைந்தாள். கம்பிக்காரர் சக்கர நாற்காலியைக் கட்டிலின் பக்கத்தில் இழுத்தார்.

“எதுக்குப்பா இந்த வண்டி? நடந்துதானே வந்தேன்” என்றார் ஆசிரியை. “போன வருஷம் பாத்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

கம்பிக்காரர் குனிந்து ஆசிரியையின் செருப்பை எடுத்துக் காலருகில் வைத்தார். முதல் தடவையாக நேருக்கு நேர் அவர் முகத்தைப் பார்த்தார்.

“போன வருஷம் நான் பாக்கவே இல்லம்மா.”